தேனீப் பெட்டிக்குப் பட்டுப்புடவையில் போனேன்

மார்கழி வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்த காலை நேரம். அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், சூடம். இந்தக் கோலத்தில் நான் நின்றுகொண்டிருந்தது கோயில் சன்னதியில் இல்லை. எங்கள் கிணற்றடிக் காணியில், ஒரு தேனீப் பெட்டிக்கு முன்னால்.

பெட்டி புங்க மரத்து நிழலில் நான்கு கால்களில் நின்றது. எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சி. வாசல் என்று சின்னதாக ஒரு கீறல். அதன் வழியாகத் தேனீக்கள் மகரந்தத்தைக் காலில் அப்பிக்கொண்டு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன.

என் கணவர் அன்று வாலாஜாபாத்துக்குப் போயிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, முதல் முதலாகத் தேன் எடுப்பதாக ஏற்பாடு. முதல் தேனை ஒரு பூஜைகூட இல்லாமல் எடுப்பதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

மூடியைத் திறந்தேன். உள்ளே அடைகள் தொங்கும் மரச் சட்டங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு சட்டத்துக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தேன். சூடத்தை ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினேன். உள்ளேயிருந்து 'உஸ்' என்று ஒரு சீறல், ஈர விறகில் தீப் பிடிப்பதுபோலக் கேட்டது. ஒரு தேனீ வந்து என் காது மடலில் கொட்டிவிட்டுப் போனது. அதையும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு, மூடியை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வரப்பில் எதிரே பெரியவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் ஒதுங்கி நின்றேன். தாண்டிப் போகும்போது அவர் மூக்கைச் சுளித்தார். பிறகு மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாட்டிடம் சொல்லும் சேதி

பெரியவர் என்றால் என் கணவரின் அண்ணன். மனைவியை இழந்தவர். அவர், நாங்கள், மாடுகள் எல்லோரும் தென்னேரிப் பக்கம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் காஞ்சிபுரத்தில் நெசவு வீட்டில் பிறந்தவள். கழனி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அந்த நாளில் கணவரின் அண்ணனும் தம்பி மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். சரி, ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றுமே பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? அதற்கும் பெரியவர் ஒரு வழி வைத்திருந்தார். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் எங்கள் செவலை மாட்டிடம் சொல்வார்.

"ஏன்டா செவல, இன்னிக்குக் கொழம்புல உப்பு கம்மியா இருக்குது, கேட்டியா?" என்பார் தொழுவத்திலிருந்து. நான் சமையலறையிலிருந்து, "வாயில்லாத ஜீவனுக்கு உப்பு அதிகமானா ஆகாதாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவர் சிரிப்பது கேட்கும். செவலைதான் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் அசை போட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவே இல்லை.

ஒரு காணிக்கு ஒரு பேச்சு

புது நெல் விதையும் யூரியாவும் ஊருக்குள் வந்த சமயம் அது. பெரியவர் அதில் முதல் ஆளாக இறங்கினார். யூரியா போட்ட மூன்றாம் நாள் பயிர் கரும்பச்சையாக எழுந்து நிற்பதைப் பார்த்து அவர் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அதன் கூடவே பூச்சியும் வந்தது. பூச்சிக்கு மருந்தும் வந்தது. காஞ்சிபுரம் போய், முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கும் பித்தளை மிஷின் ஒன்றை வாங்கி வந்து, தொழுவத்து உத்திரத்தில் மாட்டிவைத்தார். பக்கத்திலேயே மருந்து டப்பா.

என் கணவருக்கு இந்த அவசரமெல்லாம் ஆகாது. அவர் கிணற்றடிக் காணியில் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவார். கோடையில் தென்னேரி ஏரி வற்றும்போது வண்டி வண்டியாக வண்டல் அடிப்பார். ஆட்டுக்கிடை போடுவார். வேப்பிலையும் புங்க இலையும் செடிக்கு அடியில் பரப்பி மூடி வைப்பார். நான் வந்த புதிதில், கழனியைக் குப்பை மாதிரி வைத்திருக்கிறாரே என்று மனசுக்குள் நொந்துகொண்டதுண்டு. மண்வெட்டி போட்டால் மண்புழு நெளியும். கையில் எடுத்தால் மண் புட்டு மாதிரி உதிரும். அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் குப்பையின் அருமை எனக்குப் புரிந்தது.

சர்க்கார் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தவர், அப்படியே ஒரு தேனீப் பெட்டியையும் கொண்டுவந்தார். அந்த வருஷம் கொடிப் பரங்கி காய்த்ததைப் பார்க்க வேண்டும். முன்னெல்லாம் பிஞ்சிலேயே வெம்பி விழும் காய், வரப்பு வரைக்கும் உருண்டு கிடந்தது. இது தேனீப் பூச்சி செய்த வேலை என்றார் இவர். இது மழை செய்த வேலை என்றார் பெரியவர்.

கார்த்திகையில் கிணற்றடி அவரைக் கொடியில் செடிப்பேன் பிடித்தது. பெரியவர் மிஷினை இறக்கப் போனார். இவர் குறுக்கே நின்றார்.

"வாணாம்ணா. மருந்து அடிச்சா பெட்டியில ஒரு பூச்சி மிஞ்சாது. சாம்பலத் தூவிக்கினு சமாளிச்சிடறேன்."

"சாம்பலத் தூவிக்கினு இரு. பேன் இங்கேருந்து என் நெல்லுக்கு வந்துச்சுனா?"

"அவரப் பேன் நெல்லுக்கு எப்டிணா வரும்?"

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். பொங்கல் அன்றைக்குப் பூச்சி பெட்டியில் இருந்தால் அந்தக் காணி என் கணவர் இஷ்டப்படி; மருந்து அந்த வரப்பைத் தாண்டாது. பூச்சி போய்விட்டால், மொத்த நிலமும் பெரியவர் சொல்கிறபடி. அண்ணன் சொன்ன சொல் மாறமாட்டார். தம்பியும் அப்படித்தான். அதனால் ஊர் முழுக்கத் தெரிந்த இந்தப் பேச்சுக்குச் சாட்சி என்று யாரையும் கூப்பிடவில்லை.

அறுப்பு நாள் வழக்கம்

இப்போது அந்தப் பட்டுப்புடவைக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா வீட்டில் ஒரு புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுக்கும் நாள் பெரிய நாள். அம்மா தலைக்குக் குளித்து, தனக்கென்று இருந்த ஒரே பட்டைக் கட்டிக்கொண்டு, துணி சுற்றியிருக்கும் படமரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவாள். அதற்குப் பிறகுதான் அப்பா கத்தியை எடுப்பார். பல நாள் உழைப்பு கைக்கு வரும் நேரத்தில் சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வீட்டு எண்ணம். தேன் அடையை அறுப்பதும் அறுப்புதானே என்று நான் கணக்குப் போட்டேன். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தப்பு புடவைப் பெட்டியில் இருந்தது. எங்கள் அப்பா அந்துருண்டையை வீட்டுக்குள்ளேயே சேர்க்கமாட்டார். சரிகை கறுத்துவிடும் என்பார். ஆனால் கழனி வீட்டில் நெல் குதிருக்குப் பக்கத்தில் என் டிரங்குப் பெட்டி. கரப்பான் உண்டு, பாச்சை உண்டு, பெயர் தெரியாதது இன்னும் நாலு உண்டு. கல்யாணப் புடவையை இதுகளுக்குத் தின்னக் கொடுக்க முடியுமா? அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு கை நிறைய அந்துருண்டை வாங்கி, துணியில் முடிந்து, மடிப்புக்கு மடிப்பு வைத்திருந்தேன்.

அந்தப் புடவையைத்தான் உதறிக் கட்டிக்கொண்டு, போதாததற்குச் சூடமும் கொளுத்திக்கொண்டு, மூடியைத் திறந்து தேனீக்கள் முகத்துக்கு நேரே போய் நின்றிருக்கிறேன். பூச்சியை விரட்டுவதற்கென்றே விற்கிற வாசனை! நெசவு வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

காலிப் பெட்டி

வெள்ளிக்கிழமை இவர் புகை போட்டு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாமோ பதட்டமா இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம எடுத்துக்கலாம்" என்று மூடிவிட்டார். மஞ்சள் குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தார். "பூஜையா? நல்லா இருக்குது" என்றார். அதோடு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி காலி. அடை மட்டும் இருந்தது. தேனை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு, ராணியையும் கூட்டிக்கொண்டு, மொத்தக் குடும்பமும் போய்விட்டது. ஒரு செத்த தேனீகூட இல்லை.

இவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை.

"எறும்பு ஏறி இருக்குமா? தண்ணி பாத்துகினுதான் இருந்தேன். இல்ல, வெள்ளிக்கெழம நான் பொக அதிகமா போட்டுட்டனா? எம் மேலதான் தப்பு" என்றார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற வாய், அன்றைக்குத் திறக்கவே இல்லை. புடவையை மோந்து பார்த்ததும், கொல்லைக் கொடியில் போட்டு உலர்த்தியதும், தனியாக அழுததும்தான் நான் செய்தது. காணி போகப்போகிறது, இவர் தன்னையே நொந்துகொண்டிருக்கிறார், காரணம் நான். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் பெரியவரிடம் இவரே போய்ச் சொன்னார். "பூச்சி போயிடுச்சுணா. பேசினபடி நீ அடிச்சுக்கலாம்."

"பண்டிக முடியட்டும். காணும் பொங்கலுக்கு மறாநாள் பாத்துக்கலாம்" என்றார் பெரியவர். பிறகு செவலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டே வெகுநேரம் நின்றிருந்தார். என்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பெருமாள் குதிரை

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சின்னது. ஆனால் அதன் குதிரை வாகனம் பெரியது. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பாயும் மரக் குதிரை. காணும் பொங்கலன்று பெருமாள் அதில் ஏறிப் பாரிவேட்டைக்குப் போவார். வருஷம் முழுக்கக் கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் குதிரையைத் துடைத்து எண்ணெய் தடவுவது பெரியவரின் பொறுப்பு.

போகிக்கு முதல் நாள் காலை, துடைக்கப் போன மனுஷன் போன சுவடு மறைவதற்குள் திரும்பி வந்தார். கையில் எண்ணெய்த் துணி. நேராகத் தம்பியிடம் போனார்.

"உன் பூச்சிங்க என் குதிரையில உக்காந்துகினு இருக்குதுங்கடா."

"எந்தக் குதிரையிலண்ணா?"

"நமக்கு இன்னா பத்துக் குதிரையா இருக்குது? பெருமாள் குதிரதான். வயித்துல ஓட்ட இருக்குது இல்ல, அதுக்குள்ள அட கட்டிகினு இருக்குதுங்க. வா, வா!"

இவர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் போகலாமா கூடாதா என்று தவித்துக்கொண்டு வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"அடைய எடுத்துச் சட்டத்துல கட்டணும். என் கை தடிச்ச கை, அட நசுங்கிடும். இழ முடியற கை வேணுமாம், அண்ணன் உன்னக் கூப்ட்டுகினு வரச் சொன்னாரு. அப்புறம்..."

"அப்புறம்?"

"கழனிப் பொடவையோட வரணுமாம். பெட்டிப் பொடவ வாணாமாம். ஏன்னு தெரியல, ரெண்டு தபா சொன்னாரு."

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வரப்பில் சுளித்த அந்த மூக்கு! அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பூச்சி போனதற்குக் காரணம் மழையும் இல்லை, மண்ணும் இல்லை, தம்பியும் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்.

மிஷின்

கொட்டகையில் குதிரையின் வயிற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் இரண்டு புது அடைகள். இவர் மெல்ல அறுத்து எடுத்துக் கொடுக்க, நான் வாழை நாரை ஈரமாக்கி, மெல்லிசாகக் கிழித்து, சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். அறுந்த பட்டு இழையை முடிந்து பழகிய விரல். அடை நசுங்கவில்லை. தேனீக்கள் என் மணிக்கட்டில் ஊர்ந்தன. ஒன்றும் கொட்டவில்லை. நான் கட்டியிருந்தது சாணி வாசனை அடிக்கும் பழைய நூல் புடவை.

ஆனால் பாதிக் கூட்டம் மேலே கிளம்பிவிட்டது. கொட்டகை முழுக்க ஒரே ரீங்காரம். சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் குதிரையின் காதிலும் பிடரியிலும் அப்பிக்கொண்டன.

"ராணி அங்கதான் இருக்குது. அது வராம மத்தது பெட்டியில நிக்காது. இன்னொரு தபா கெளம்பிச்சுனா ஏரியத் தாண்டிப் போயிடும்" என்றார் இவர். ஏணியில் ஏறி நின்று, வேப்பங்கொத்தைத் தண்ணீரில் தோய்த்து மேலே உதறினார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இவர் தலையில்தான் விழுந்தது. கூட்டம் அசைய ஆரம்பித்தது.

பெரியவரைக் காணோம். எங்கே போனார் என்று திரும்பிப் பார்த்தால், கோயில் வாசலில் வந்துகொண்டிருக்கிறார். முதுகில் அந்தப் பித்தளை மிஷின்.

இவர் ஏணியிலிருந்து குதித்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் நின்றார். "அண்ணா, வாணாம்! காணிய எடுத்துக்கோ, எல்லாத்தயும் எடுத்துக்கோ. இதுங்கள ஒண்ணும் பண்ணாத!" இவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

பெரியவர் நின்றார். கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"ஏன்டா மறிக்கிற? கெணத்துத் தண்ணிடா! மிஷினு வாங்கி இன்னும் ஒரு சொட்டு மருந்து உள்ள போவல. தள்ளு."

தள்ளினார். பிடியை அடித்தார். குழாய் முனையிலிருந்து பனி மாதிரி தண்ணீர் புறப்பட்டு, குதிரையின் காதைச் சுற்றி இறங்கியது. மழை வந்துவிட்டதென்று நினைத்ததோ என்னவோ, கூட்டம் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே கொத்தாக ஒடுங்கியது. இவர் முறத்தில் துணி விரித்து, அந்தக் கொத்தை அப்படியே வழித்துப் பெட்டிக்குள் இறக்கினார். சிதறியிருந்ததெல்லாம் வாசல் கீறல் வழியாக, கல்யாணப் பந்திக்குப் போவதுபோல, வரிசையாக உள்ளே போயிற்று.

மூன்று பேரும் நனைந்துபோய் நின்றிருந்தோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

பொங்கல் அன்று பெட்டியில் பூச்சி இருந்தது. ஆனால் என் கணவருக்கு மனசு உறுத்தியது. "நடுவுல எட்டு நாள் இல்லையேண்ணா" என்றார்.

"பொங்கல் அன்னிக்கு எங்க இருக்குதுங்கன்னுதான் பேச்சு. நடுவுல சாமி பாக்கப் போச்சுங்க, வந்துச்சுங்க. அத்தக் கேக்க நீ யாரு?" என்றார் பெரியவர்.

அந்த மிஷினில் அதற்குப் பிறகும் மருந்து போகவில்லை. "பூச்சிக்குத் தண்ணி தெளிச்ச மிஷின்ல வெஷத்த ஊத்திட்டா, அடுத்த தபா எத்தடா எடுத்துகினு ஓடறது?" என்று செவலையிடம் எரிந்து விழுந்தார். அதற்காக அவர் ஒரேயடியாக மாறிவிட்டார் என்று எழுத மாட்டேன். வாய்க்காலுக்கு அப்பால் இருந்த தன் நெல்லுக்கு வாடகை மிஷின் எடுத்துச் சில வருஷம் மருந்து அடித்தார். ஆனால் பூச்சி பெட்டிக்குள் அடையும் பொழுது சாயும் நேரம் பார்த்துத்தான் அடித்தார். கிணற்றடி வரப்பை ஒரு சொட்டுத் தாண்டவில்லை.

என்னைப் பற்றி அவர் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வருஷா வருஷம் தேன் எடுக்கும் நாளில், தொழுவத்திலிருந்து குரல் வரும்.

"ஏன்டா செவல, இன்னிக்குப் பட்டுப்பொடவ கட்டிக்கலியா?"

செவலை போய், அதற்குப் பின் வந்த மாடுகளும் போய், பெரியவரும் போய்ச் சேர்ந்தார். மாட்டைப் போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொள்ளச் சொல்கிறாரே என்று என் கணவர் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அண்ணன் ஞாபகம் வந்தால் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார். எறும்பு ஏறாமல் இருக்கக் கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றும்போது மட்டும், "அந்தத் தபா நான் பொக கம்மியா போட்டிருக்கணும்" என்று இன்றைக்கும் முனகுகிறார்.

இவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பத்திரிகையில் வரும் இந்தத் தொடரை வாராவாரம் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வரி விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். இந்த வாரம் இது அச்சாகிப் புத்தகம் வந்ததும், முதலில் அந்தப் பழைய நூல் புடவை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பிறகு முதல் வரியிலிருந்து, ஒன்றையும் விடாமல் வாசிப்பேன்.